நான்காவது முகம்

ஒரு நகரத்தில் தொலைக்காட்சித் தொடர்கள் எடுக்கும் கூடம் ஒன்று இருந்தது. அதன் வாசலில் சவுக்குக் கம்புகளில் சாய்ந்தபடி ஓர் உயரமான பலகை நின்றது. பலகையின் மேல் ஓடக்காரர் நின்றார்.

ஓடக்காரர் ஒரு தொடரின் நாயகர். காலம் என்னும் ஆற்றில் ஓடம் விட்டு, நேற்றுக்கும் நாளைக்கும் போய் வருகிறவர். சாம்பல் நிற அங்கி, கையில் துடுப்பு, இடுப்பில் ஒரு விளக்கு. இவை பலகையிலேயே வண்ணத்தால் எழுதப்பட்டவை. முகம் மட்டும் காகிதம். நடிகர் மாறும்போது பழைய முகத்தின் மேல் புது முகத்தை மைதாப் பசையால் ஒட்டிவிடுவார்கள்.

முகம் மாறுவது கதையிலேயே உள்ளதுதான். "சுழியில் மூழ்கி எழுந்தால் என் முகம் மாறும்" என்று ஓடக்காரர் முதல் பகுதியிலேயே சொல்லிவிடுவார். ரசிகர்கள் எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம்.

முதல் முகம் பல காலம் இருந்தது. பிறகு தொடர் நின்றுபோய், பலகை கிடங்கில் சுவரைப் பார்த்துக் கிடந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தொடர் மறுபடி உயிர் பெற்றது. பலகையைத் துடைத்து இரண்டாவது முகத்தை ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வந்தது மூன்றாவது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கூடத்தின் இரும்புக் கேட் கிறீச்சிட்டு அறிவித்தது:

"மூன்றாம் முகம் இன்றோடு விடைபெறுகிறது. மாலை விளக்கு போடுவதற்குள் புது முகம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் தொடர் நிறுத்தப்படும். பலகையை எதிரில் இருக்கும் டீக்கடை அடுப்பு எடுத்துக்கொள்ளலாம்."

டீக்கடை அடுப்பு இதைக் கேட்டு ஒரு பொறியைத் துப்பியது.

"நல்லாக் காஞ்ச பலகை. ரெண்டு நாள் ஓட்டலாம்" என்றது.

பலகைக்கு உள்ளுக்குள் விறைத்தது. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் ரசிகர்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தது பால்குடம். பித்தளை. ரசிகர் மன்றத்தில் மூத்தது. எந்த நடிகர் வந்தாலும் ஏணியில் ஏறி முதல் பால் ஊற்றுவது அதுதான். அதற்குப் பின்னால் ஒற்றைச் செருப்பு வந்தது. அதன் ஜோடி ஏதோ ஒரு போராட்டத்தில் தொலைந்துவிட்டது. கடைசியாக, சாமந்தி மாலை தேம்பிக்கொண்டே வந்து பலகையின் கழுத்தில் விழுந்தது.

"ஐயோ தலைவா! நான் பிறந்ததிலிருந்து உங்களைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்!" என்று அழுதது மாலை.

"நீ எப்ப பிறந்தே?" என்று பலகை கேட்டது.

"இன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு."

"சரி, அழு" என்றது பலகை.

மூன்றாவது முகம் தொண்டையைச் செருமியது. "அம்மா, ஐயா, நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். எனக்கு எந்தக் குறையும் இல்லை. இத்தனை நாள் ஒரே துடுப்பைப் பிடிச்சு நின்னாச்சு. வேற கதையில சிரிப்பு வேஷம் கிடைச்சிருக்கு. அதுல போய்..."

"அவரைத் துரத்திட்டாங்க" என்றது குடம்.

"இல்லம்மா, நானாத்தான்..."

"சம்பளம் குறைச்சிருப்பாங்க" என்றது செருப்பு.

"அதெல்லாம் இல்லீங்க, நான் சொல்றதை..."

"மிரட்டியிருக்காங்க!" என்றது மாலை. "குரல் எப்படி நடுங்குது பாருங்க!"

"கொஞ்சம் அவரையே பேச விடுங்களேன்" என்றது பலகை.

"அவர் என்னத்தைப் பேசுறது? அவரைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?" என்றது குடம்.



குடம் ஏணியில் ஏறியது. குடத்துக்குக் கண் வாயின் விளிம்பில் இருக்கும். நிமிர்ந்து நிற்கும்போது வானம் தெரியும். கவிழும்போது தரை தெரியும். நடுவில் இருக்கும் எதுவும் அதற்குத் தெரியாது. ஆனாலும் ஊற்றுவதில் அதற்கு இணை கிடையாது. நெற்றியின் நடுவில் சரியாக விழும்.

"தலைவா! உங்களைத் தவிர இந்த இடத்துல இன்னொரு முகமா?" என்று கூவிக்கொண்டே கவிழ்ந்தது.

பால் நெற்றியில் விழுந்து மூக்கில் வழிந்தது. குடம் இறங்கிப் போய் நிரப்பிக்கொண்டு வந்து மறுபடி ஊற்றியது. மறுபடியும் போனது. மறுபடியும் வந்தது. டீக்கடைப் பால் எல்லாம் குடத்துக்கே போய், வந்தவர்களுக்கெல்லாம் கடுங்காப்பி கொடுத்தார்கள்.

மத்தியானம் போல, பசை பிரஷ் வந்தது. ஒரு கையில் பசை வாளி, அக்குளில் சுருட்டி வைத்த புது முகம். பிரஷுக்குப் பேச்சு குறைவு. வந்த வேலையை முடித்தோமா போனோமா என்று இருக்கும்.

"கொஞ்சம் நகருங்க" என்றது.

"எதுக்கு?" என்று செருப்பு வழிமறித்தது.

"ஒட்டணும்."

"யாரை?"

பிரஷ் சுருளைக் கொஞ்சம் விரித்துக் காட்டியது. புது முகத்தின் ஒரு கண்ணும் பாதி நெற்றியும் தெரிந்தன. அந்த ஒற்றைக் கண் மிரண்டு போய்க் கூட்டத்தைப் பார்த்தது.

"வணக்கங்க" என்றது புது முகம். "நானும் சின்ன வயசுலேர்ந்து ஓடக்காரர் ரசிகன்தான்..."

"கண்ணைப் பாரு கண்ணை! இது ஓடக்காரர் கண்ணா? ஆட்டுக்குட்டி கண்ணு மாதிரி இருக்கு" என்றது செருப்பு.

"நடிப்பு வராது" என்றது மாலை.

"நீ பார்த்தியா?" என்றது பலகை.

"பார்க்கணுமா என்ன? தெரியுதே."

செருப்பு ஓடி வந்து துள்ளியது. பசை வாளியை ஓங்கி ஓர் உதை விட்டது. வாளி உருண்டது. பசை முழுவதும் சாக்கடைக்குள் போனது.

"இனிமே எப்படி ஒட்டுவே? ஒட்டு பார்ப்போம்!" என்று செருப்பு குதித்தது. குடமும் மாலையும் கைதட்டின.

பலகைக்கு இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அது சத்தம் போட்டுப் பேசிப் பழகியதில்லை. ஆனாலும் பேசியது.

"செருப்பண்ணே, என்ன காரியம் பண்ணிட்டே! சாயங்காலத்துக்குள்ள புது முகம் ஏறலேன்னா தொடரே கிடையாது. ஓடக்காரரே கிடையாது. என்னை அந்த அடுப்புல வைச்சிருவாங்க."

"வைக்கட்டும்! அவர் இல்லாத தொடர் இருந்தா என்ன, எரிஞ்சா என்ன?" என்றது செருப்பு.

"அவ்வளவு பிரியமா தொடர் மேல?"

"உசிரு!"

எதிர்க் கடையில் அடுப்பு தன் சாம்பலைத் தட்டி இடம் பண்ணிக்கொண்டிருந்தது.

குடம் மறுபடி ஏணி ஏறியது. இத்தனை குடம் பாலில் ஊறி, மூன்றாவது முகத்தின் பசை இளகிவிட்டிருந்தது. முதலில் நெற்றி ஓரம் பிரிந்தது. பிறகு காது. இன்னொரு குடம் விழுந்ததும் முகம் முழுவதும் உரிந்து மெல்லக் கீழே சரிந்தது. கழுத்தில் மாலை குறுக்கே இருந்தது.

"கொஞ்சம் வழி விடும்மா" என்று மூன்றாவது முகம் மெதுவாகச் சொன்னது.

"அந்தப் பக்கம் போங்க சார்! நானே தலைவரை நினைச்சு அழுதுகிட்டிருக்கேன், நடுவுல வந்து இடிச்சுக்கிட்டு!" என்றது மாலை.

"மன்னிச்சுக்கம்மா."

மூன்றாவது முகம் மாலையின் ஓரமாக நழுவி இறங்கியது. பலகையின் காலடியில் ஒரு கணம் நின்றது.

"போய்ட்டு வரேண்ணே. நல்லாத் தாங்கினே" என்றது.

"நல்லா இரு தம்பி. சிரிப்பு வேஷம் உனக்கு நல்லா வரும்" என்றது பலகை.

காற்று வந்தது. மூன்றாவது முகம் புரண்டு எழுந்து தெருவோடு போனது. போகும்போது அது சிரித்ததைப் பலகை மட்டும் பார்த்தது.

இப்போது பலகையில் இருந்தது இரண்டாவது முகம். இத்தனை நாள் இருட்டில் இருந்துவிட்டு வெளிச்சத்தைப் பார்த்ததில் அதற்குக் கண் கூசியது. ஒன்றும் புரியாமல் விழித்தது.

"அந்தப் பார்வை! அந்த ஒரு பார்வைக்கே என் இதழெல்லாம் கொடுக்கலாம்!" என்று கதறியது மாலை. மாலை தொங்கிய இடத்திலிருந்து முகவாயின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும்.

"யாருக்கு வரும் அந்தக் கம்பீரம்!" என்று தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே மேலும் மேலும் ஊற்றியது குடம்.

பிரஷ் காலி வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுருளோடு ஓரமாக உட்கார்ந்திருந்தது. அது இன்னும் போகாமல் இருந்தது செருப்புக்குப் பிடிக்கவில்லை. புது முகத்தின் மேல் விழவேண்டும் என்று கிளம்பி, ஆத்திரத்தில் குறி தவறி, உயரே பறந்தது. செருப்புக்கு எப்போதும் தெரிவது மண்தான். எறிபடும்போது மட்டும் முகங்கள் தெரியும்.

பறக்கும்போது அது பலகையைப் பார்த்தது. அந்தரத்திலேயே, "ஏய்!" என்று கத்தியது. கத்திக்கொண்டே கீழே விழுந்தது.

"இது அவர் இல்லை!"

"எது?" என்றது குடம்.

"மேல இருக்கிறது! இது முன்னால இருந்தவன்! இவன் வந்த அன்னிக்கு இவன் மூக்கு மேலதான் நான் விழுந்தேன். அடையாளம் பாரு, என் அடிப்பாகத்துக் கோடு அப்படியே பதிஞ்சு இருக்கு!"

பிரஷ் நிமிர்ந்து பார்த்தது. மூக்கின் குறுக்கே மூன்று கோடுகள் பழுப்பாக இருந்தன. இரண்டாவது முகம் கூச்சத்தோடு மூக்கைச் சுருக்கியது.



"அப்ப நான் இவ்வளவு நேரம் யாருக்கு ஊத்தினேன்?" என்றது குடம்.

"பாதி அவருக்கு, பாதி எனக்கும்மா" என்றது இரண்டாவது முகம். "நல்லாத்தான் இருந்தது."

குடம் ஏணியிலிருந்து இறங்கியது. இறங்கும்போதே சமாளித்துக்கொண்டது. "இவரும் லேசுப்பட்டவரா? உண்மையான ஓடக்காரர் இவர்தான்னு அன்னிக்கே சொன்னேனே. இவர் போனப்ப நான் அழுத அழுகை கொஞ்சமா?"

"இவர் வந்தப்ப என்னை எறியச் சொல்லித் தூண்டினதே நீதானக்கா" என்றது செருப்பு.

"அது வந்தப்ப. நான் சொல்றது போனப்ப."

"அப்ப இவரையே மறுபடி வைக்கச் சொல்லிக் கேட்போமா?" என்றது மாலை.

"வேணாம்மா, நான் ஊர்ல சொந்தமா ஓட்டல் வைச்சுட்டேன்" என்றது இரண்டாவது முகம். அதைப் பேச விடாமல் மூன்றும் கோஷம் போட ஆரம்பித்தன.

வெயில் சாய்ந்தது. பால் எல்லாம் தீர்ந்திருந்தது. கேட் தன் சாவிகளைக் குலுக்கியது. விளக்கு போட இன்னும் சற்று நேரம்தான் இருந்தது. அடுப்பு, கடைக்காரரின் கோடாலியைக் கூப்பிட்டது.

"பசை இல்லை" என்றது பிரஷ். "நான் கிளம்புறேன்."

"நானும் போறேன்" என்றது புது முகம். அதன் குரல் உடைந்திருந்தது. "யாருக்கும் நான் வேண்டாம்."

"கொஞ்சம் இருங்க" என்றது பலகை.

சற்று நேரமாகவே அதற்கு ஏதோ மாதிரி இருந்தது. காலையிலிருந்து ஊற்றிய பால் வெயிலில் காய்ந்து, நெற்றியிலும் கன்னத்திலும் இழுத்துப் பிடித்தது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை. காலை உதறி உதறி, மிகுந்த சிரமத்தோடு பறந்து போனது.

பலகை அந்த ஈயைப் பார்த்தது.

"பிரஷு, அந்தத் தம்பியைக் கொண்டு வந்து என் மேல வைச்சு அழுத்து."

"பசை இல்லாமயா?"

"வைச்சுப் பாரேன். போனா என் உசிருதானே."

பிரஷ் தோளைக் குலுக்கிக்கொண்டு ஏணியில் ஏறியது. சுருளை விரித்தது. இரண்டாவது முகம், "வா தம்பி, மூக்குல மட்டும் கொஞ்சம் பத்திரம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டது. பிரஷ் புது முகத்தை நெற்றியிலிருந்து முகவாய் வரை ஒரு தடவை நீவிவிட்டது. பிறகு கையை எடுத்தது.

முகம் விழவில்லை.

பிரஷ் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தது. வரவில்லை. "நம்ம மைதாகூட இப்படிப் பிடிக்காது" என்றது. அது அன்று பேசியதில் இதுதான் நீளமான பேச்சு.

விளக்குகள் எரிந்தன. சாம்பல் அங்கியும் துடுப்பும் ஆட்டுக்குட்டிக் கண்ணுமாக ஓடக்காரர் நின்றார். கேட் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது. அடுப்பு கோடாலியைத் திருப்பி அனுப்பியது.

"அடுத்த தடவை பார்த்துக்கிறேன்" என்றது.

கூட்டம் கலைந்த பிறகு புது முகம் மெதுவாகக் கேட்டது: "அண்ணே, என்னை எது பிடிச்சிக்கிட்டிருக்கு?"

"பால்."

"யாருக்கு ஊத்தினது?"

"போனவருக்கு" என்றது பலகை. "உனக்குன்னு தனியா யாரும் ஊத்த மாட்டாங்க. நீ கிளம்பும்போது ஊத்துவாங்க."

புது முகத்துக்கு அது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

முதல் சில வாரம் செருப்பு புது முகத்தைக் குறிவைத்துப் பறந்து வந்து போனது. பிறகு அடிக்கடி வரவில்லை. பிறகு, வாசலில் பயபக்தியோடு கழன்று கிடந்தது. நான்காவது முகத்தின் ஆட்டுக்குட்டிக் கண்ணைப் பார்த்துக் குழந்தைகள் கையசைத்தன. காலம் ஓடியது. தொடர் நன்றாக நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கேட் மறுபடியும் கிறீச்சிட்டது. நான்காம் முகம் விடைபெறுகிறது என்றது.

குடம் நிறைந்த பாலோடு ஓடி வந்தது. அன்று காலை பிறந்த ஒரு புது மாலை அதோடு வந்தது. குடம் ஏணியின் உச்சியில் ஏறி, தரையைப் பார்த்துக் கவிழ்ந்தபடி அழுதது:

"இத்தனை வருஷத்துல இந்த இடத்துல வேற ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லையே, தலைவா!"

கீழே கிடந்த செருப்பு எதையோ சொல்ல வாயெடுத்தது. பலகை வேண்டாம் என்று அதற்கு ஜாடை காட்டியது. பிரஷின் அக்குளில் ஐந்தாவது முகம் காத்திருந்தது. அதை ஒட்டப் பால் வேண்டுமே.