கசேபா மலையில் ஓர் உத்தரவு

கசேபா மலை முழுக்கச் செம்பு. அந்த ஆப்பிரிக்க நாட்டில் தேர்தல் முடிந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இன்னும் அரசாங்கம் அமையவில்லை. கபுங்கோவின் கட்சிக்கும் சிலேஷேயின் கட்சிக்கும் சரிபாதி இடங்கள். சுரங்கத் துறை யாருக்கு என்பதிலேயே எல்லாம் நின்றுபோயிருந்தது.

சமரசம் பேச, இரு தரப்பும் மதிக்கும் முதிய குரு முசொண்டாவை அழைத்தார்கள். மலையடிவாரத்தில் வைத்துப் பேசலாம் என்றார் அவர். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்த புவால்யாவும் கூட வந்தாள்.

சுரங்கக் கம்பெனியின் விடுதியில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் உள்ளே வந்தாள். கையெல்லாம் செம்மண்.

"மேற்குச் சரிவில் ஊர்க்காரர்கள் நாங்களே செம்பு தோண்டும் குழி சரிந்துவிட்டது. என் புருஷனும் அவர் தம்பியும் உள்ளே இருக்கிறார்கள். கம்பெனி இயந்திரம் வந்தால் சீக்கிரம் தோண்டலாம். மந்திரி உத்தரவு இல்லாமல் அனுப்ப மாட்டார்களாம்."

கபுங்கோ பேனாவை எடுத்தார். "நான் கையெழுத்துப் போடுகிறேன்."

"போட்டால் நீங்கள்தான் மந்திரி என்று ஆகிவிடும்" என்றார் சிலேஷே. "நான் போடுகிறேன்."

"அதை நான் எப்படி ஏற்பது?"

"இருவரும் சேர்ந்து போடுங்களேன்" என்றாள் புவால்யா.

"யார் பெயர் மேலே வரும்?" என்று கேட்டார் கபுங்கோ.

முசொண்டா எழுந்தார்.

"குருவே, இப்போது நீங்கள் எழுந்துவிட்டால் பேச்சு முறிந்துவிடும்."

"மண்வெட்டி கிடைக்குமா பார்" என்றார் அவர்.

ஊரே திரண்டு தோண்டியது. இரு கட்சிக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மண்வெட்டி கிடைக்காதவர்கள் தட்டால் அள்ளினார்கள். மலை முகட்டுக்கு அப்பால் ஏதோ உறுமும் சத்தம் விடாமல் கேட்டது. புவால்யா ஏறிப் பார்த்தாள். கீழ்ச்சரிவில் கம்பெனி இயந்திரம் தாதுமண்ணை அள்ளி லாரிகளில் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் இறங்கி ஓடினாள். ஓட்டுநரிடம், "இதற்கு யார் உத்தரவு கொடுத்தது?" என்று கேட்டாள்.

"இதற்கு எதுக்கம்மா உத்தரவு? தினமும் நடக்கிறதுதானே."

"அப்படியானால் அந்தப் பக்கம் வா. ஆட்கள் புதைந்து கிடக்கிறார்கள்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அங்கே வரத்தான் உத்தரவு வேணும். மீறினால் வேலை போய்விடும்."

அவள் திரும்பி வந்து மறுபடி மண்ணை அள்ளினாள். பொழுது சாயும் வேளையில் புருஷனை உயிரோடு வெளியே எடுத்தார்கள். தம்பியின் உடல்தான் கிடைத்தது. அந்தப் பெண் ஒருவனுக்குத் தண்ணீர் புகட்டினாள். மற்றவன் முகத்து மண்ணைத் துடைத்தாள்.

முசொண்டா ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. புவால்யா அருகில் வந்து நின்றாள்.

"இவ்வளவு காலமாக அவர்கள் ஒரு விஷயத்தில்கூட ஒத்துவரவில்லை, குருவே. உயிர் போகும்போதும் ஒத்துவரவில்லை. இனி நான் அவர்களிடம் போய் என்ன பேசுவது?"

"அந்த இயந்திரம் இன்னும் ஓடுகிறதா?"

"ஓடுகிறது."

"நாளைக் காலையில் ஊரைக் கூட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் உட்கார்ந்துகொள். அதை மறுபடி ஓடவைக்க இருவரும் ஒரே காரில் வருவார்கள்."