முடி திருடியவர்

முன்பு ஒரு நாட்டை ஆண்ட கேசரிவர்மனுக்கு ஒரே ஒரு கவலைதான். வயது முப்பத்திரண்டு, அதற்குள் நெற்றியின் இரு பக்கமும் முடி பின்வாங்கி, உச்சியிலும் வட்டமாக உதிர்ந்து, நடுவே ஒற்றைக் குடுமி மயிர் மட்டும் தனித்து நின்றது. அரண்மனை வைத்தியர் பிங்கலர் கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்தார். கரடிக் கொழுப்பைப் பூசினார். தந்தச் சாம்பலைக் குழைத்து அப்பினார். நாற்றம்தான் மிஞ்சியது.

ஒருநாள் நாவிதர் மருதக்குட்டி, "மகாராஜா, இது வம்சவழி வழுக்கை. தைலத்துக்கு அடங்காது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

பிங்கலர் சீறினார். "பொய்! தங்கள் தந்தையாருக்குக் கடைசிவரை தோளில் புரளும் முடி இருந்ததே! இவன்தான் முடியைத் திருடி மாந்திரீகம் செய்கிறான், பிரபு!"

அரசனுக்குக் கண் சிவந்தது. மருதக்குட்டியின் வலக்கையை வெட்டும்படி தீர்ப்பாயிற்று. அப்போது அவை விதூஷகன் தோழப்பன் எழுந்தான்.

"திருடியவர் வேறொருவர், மகாராஜா. பத்து நாள் தவணை கொடுங்கள். கொண்டுவருகிறேன்."

தோழப்பன்மேல் வெகுநாளாகப் பொறாமை கொண்டிருந்த பிங்கலர், "சங்கிலி பூட்டிக் கொண்டுவரட்டும். தவறினால் இவன் கையும் போகட்டும்" என்றார். அரசன் சம்மதித்தான்.

பத்தாம் நாள் சபைக்குள் ஒரு பல்லக்கு வந்தது. பெரிய தலைப்பாகையோடு எண்பது வயதுக் கிழவர் ஒருவர் இறங்கினார். கழுத்தில் கனத்த பொற்சங்கிலி. கட்டியக்காரன் அவர் பெயரைக் கூவியதும் அரசன் துள்ளி எழுந்தான். அவர் மலைநாட்டுத் தலைவர் நன்னவேள்; அவனுடைய தாயைப் பெற்றவர். தாய் அவனுடைய குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனாள்; அதன்பின் அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"தோழப்பா! என் பாட்டனாரா திருடன்?"

"சங்கிலி பூட்டச் சொன்னீர்கள், பூட்டினேன். இரும்பு என்று யாரும் சொல்லவில்லையே! ஐயனே, தலைப்பாகையைச் சற்று எடுங்கள்."

கிழவர் எடுத்தார். நெற்றியின் இரு பக்கமும் அதே வழுக்கை, அதே உச்சி வட்டம், நடுவே தீவு போல அதே ஒற்றைக் குடுமி மயிர்.

அரசனின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. தாயின் முகம்கூட அவனுக்கு நினைவில்லை. அவள் வீட்டு அடையாளத்தை இத்தனை நாளும் தலையில் சுமந்துகொண்டே அதைக் கரடிக் கொழுப்பால் அழிக்கப் பார்த்திருக்கிறான்!

"பாட்டனாரே, உங்களுக்கு எப்போது...?"

"முப்பதுலேயே போச்சுப்பா. நானும் பூசாத தைலமில்லை. இருக்கிறது கொஞ்ச நாள் நின்னுச்சு, போனது திரும்பலை. அப்புறம் உன் அம்மா பிறந்தா. தோள்ல ஏறி உட்கார்ந்து இந்த வழுக்கையில தாளம் போடுவா. எனக்குக் கவலையே மறந்துபோச்சு."

அரசன் அவர் காலில் விழுந்தான். எழுந்து மருதக்குட்டியை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, மிச்ச முடியையும் சபையிலேயே அவர் கையால் மழித்துக்கொண்டான். பிங்கலர் தலை நிமிரவில்லை.

"தோழப்பா, ஒரு கிராமம் உனக்கு. இன்னும் என்ன வேண்டும்?"

"என் மாமனாருக்கும் வழுக்கை, மகாராஜா. நாளை என் மகன் கண்ணாடி முன் நின்று அழுதால், தாங்கள் ஒருமுறை கிரீடத்தைக் கழற்றிக் காட்டினால் போதும்."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்து, கிராமத்தோடு அந்த வாக்கையும் கொடுத்தான்.