தோர்கிம்மின் மேலங்கி

உலகத்தின் வடகோடியில் ஐஸ்லாந்து என்று ஒரு தீவு. மரம் கொஞ்சம், காற்று நிறைய. அங்கே வெகுகாலத்துக்கு முன்னால் இங்வில் என்று ஒருத்தி பண்ணை வைத்திருந்தாள். புருஷன் தோர்கிம் போய்ச் சேர்ந்துவிட்டான். சாவி அத்தனையும் அவள் இடுப்பில்தான் தொங்கும். அவள் தலையசைக்காமல் ஒரு ஆடுகூடக் கொட்டிலை விட்டு வெளியே வராது என்பார்கள்.

அவளுக்கு ஒரு குரு. குரோவா என்று பெயர். ஊர் ஊராகப் போய்க் குறி சொல்கிறவள். சிஷ்யையைவிடக் குருவுக்குப் பத்து வயது குறைவு. அதனால் சிஷ்யை குருவை அம்மா என்பாள், குரு சிஷ்யையை அக்கா என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

ஒருநாள் மத்தியானம் குரு வந்திருந்தபோது, உல்ஃப் என்ற கப்பல்காரன் கம்பளித் துணி வாங்க மலை தாண்டி வந்தான். மோரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“உங்க மகன் கொல்பேன் எங்க கப்பல்லதான் இருக்கான்.”

இங்வில் எழுந்து வாசலுக்கு ஓடினாள். யாரும் இல்லை.

அப்பன் வெட்டுப்பட்ட வருஷமே கப்பல் ஏறினவன். அவன் போய் ஒன்பது வருஷம். ஒவ்வொரு கோடையிலும் பாய்மரம் தெரிந்ததும் அவன் படுக்கைக்குப் புது வைக்கோல் போடுவாள். குளிர் வந்ததும் அள்ளி மாட்டுக்குப் போட்டுவிடுவாள்.

“எங்கே அவன்?”

“இறங்கலை. ரெண்டு நாளா மலைக்கு அந்தப் பக்கம் துறையிலதான் நிக்கிறோம். சாயங்காலக் காத்துல புறப்பட்டுருவோம்.”

இங்வில் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“கேட்டீர்களா அம்மா? நம் நாட்டில் பெண்ணுக்கு மதிப்பு உண்டு என்கிறார்களே, எங்கே இருக்கிறது? கரை ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்துக்காக என் புருஷனை வெட்டினார்கள். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். பெண் சாட்சி செல்லாது என்று சபையில் சொல்லிவிட்டார்கள். வெட்டினவன் இன்றைக்கும் அதே கரையில் மீன் காயப்போடுகிறான். சபையில் என் வாய்க்கு மதிப்பில்லை, போகட்டும். பெற்ற பிள்ளையிடமும் இல்லையா?”

குரோவா உல்ஃபின் பக்கம் திரும்பினாள்.

“அவன் ஏதாவது சொல்லி அனுப்பினானா?”

“சொல்லலை. ஒண்ணு கேட்டான். அப்பாவோட மேலங்கி இன்னும் பெட்டியில இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னான்.”

“இருக்கிறது,” என்றாள் இங்வில். “பூச்சி அரிக்காமல் வைத்திருக்கிறேன். அவனுக்காகத்தான்.”

அந்த நாட்டில் ஒரு வழக்கம். வெட்டுப்பட்டுச் செத்தவனின் மேலங்கியைப் பெண்கள் துவைக்க மாட்டார்கள். இரத்தத்தோடு எடுத்துவைப்பார்கள். மகன் தலையெடுத்ததும் நாலு பேர் முன்னால் அதை அவன் தோளில் போட்டு, இரண்டு வார்த்தை சொல்வார்கள். அப்புறம் அவன் கோடாரி எடுக்காமல் ஊரில் தலைகாட்ட முடியாது.

“எடுத்து வாருங்கள் அக்கா,” என்றாள் குரோவா. “அவன் தோளில் எப்படிப் போடுவீர்களோ, அப்படியே என் தோளில் போடுங்கள். சொல்ல வேண்டியதையும் சொல்லுங்கள்.”

“உங்கள்மேலா? விளையாடாதீர்கள் அம்மா.”

“ஒன்பது வருஷமாக வாயில் வைத்திருக்கிறீர்கள். யாரிடமாவது துப்பித்தானே ஆக வேண்டும்?”

இங்வில் பெட்டியைத் திறந்தாள். மேலங்கி பலகை மாதிரி விறைத்திருந்தது. குருவின் தோளில் போட்டாள். காய்ந்த இரத்தம் துரு மாதிரிப் பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது.

“உன் அப்பன் கடைசியாகப் போட்டிருந்தது இது. ஆண்பிள்ளையானால் இந்த இரத்தத்துக்குப் பதில் வாங்கிக்கொண்டு வா. இல்லையென்றால் கோடாரியை என்னிடம் கொடு. நீ உட்கார்ந்து வெண்ணெய் கடை.”

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் உல்ஃப் பின்னால் நகர்ந்து கதவில் முட்டிக்கொண்டான். குரோவா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“என் அப்பா இருமிச் செத்தவர் அக்கா. எனக்குப் பகையாளி என்று ஒருத்தனும் கிடையாது. ஆனாலும் பாருங்கள், என் கண் சுவரில் கோடாரி தேடுகிறது.” அவள் மெல்ல உட்கார்ந்தாள். “புயலில் கப்பல் ஓட்டுகிறவன், ரெண்டு நாளாக ஒரு சின்ன மலையைத் தாண்டப் பயந்து உட்கார்ந்திருக்கிறான். நீங்களானால் உங்கள் வாய்க்கு மதிப்பில்லை என்கிறீர்கள்.”

இங்வில் கீழே உதிர்ந்ததை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி உள்ளங்கையில் சேர்த்தாள்.

“அவரில் எனக்கு மிச்சம் இதுதான் அம்மா.”

“தெரியும்.”

உல்ஃப் செருமினான். “வெயில் சாயுது. நான் போகணும். அவன்கிட்ட என்னன்னு சொல்ல?”

இங்வில் வாசலைப் பார்த்தாள். குருவின் தோளைப் பார்த்தாள்.

“இதை விட்டுவிட்டு வெறுங்கையோடு நான் மலை ஏறினால் செத்தவர் மனசு என்ன பாடுபடும்? பழி தீரட்டும் என்று ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிறாரே.”

குரோவா அந்த மேலங்கியைத் தன்மேல் இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அவர் காத்திருப்பார் அக்கா. கப்பல் காத்திருக்காது.”