தொடக்கூடாத வண்டி

பூங்கோதைக்கு வயது முப்பத்திரண்டு. மோட்டார் சைக்கிள் விஷயத்தில் அவளுடைய சீடரான நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்துமூன்று. குருவை அவர் "டீச்சருங்க" என்பார். சீடரை அவள் "அண்ணா" என்பாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது.

வருஷா வருஷம் வைகாசி பிறந்ததும் பூங்கோதை கோபியிலிருந்து ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இமயமலைக்குப் போவாள். ரோடு என்று பேர் மட்டும் இருக்கும், ரோடு இருக்காது. அப்படிப்பட்ட வழியாகப் பார்த்துத்தான் போவாள். இந்த வருஷம் கூட்டத்தில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அதற்காக நாச்சிமுத்து நடையாய் நடந்தார்.

காலமெல்லாம் மஞ்சள் மண்டியில் உட்கார்ந்தே கிடந்த மனுஷர். ஒரு தரமாவது சொந்த வண்டியில் போய்ப் பனியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட வேண்டும் என்று அத்தனை ஆசை. போதாததற்கு ஊர் பூராவும் சொல்லியும் வைத்துவிட்டார். இனிப் போகாவிட்டால் மண்டிப் பக்கம் தலைகாட்ட முடியாது.

வண்டி வாங்கினார். ஏப்பை சாப்பையான வண்டி இல்லை, தெருவே திரும்பிப் பார்க்கிற வண்டி. வாங்கிய கையோடு கேட்டார்.

"டீச்சருங்க, வண்டி மலைக்கு லாயக்குங்களா?"

"இன்னும் பத்தலைங்கண்ணா."

வண்டி முன்னால் இடி தாங்கக் கம்பி வேலி போட்டார். இன்ஜினுக்கு அடியில் தகடு அடித்தார். மறுபடி கேட்டார்.

"இன்னும் பத்தலைங்கண்ணா."

இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கு, செல்போனுக்கு ஒரு தாங்கி. அதற்கும் அதே பதில். என்ன பத்தவில்லை என்று மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கூத்தில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் பார்ட்ஸ் கடைக்காரர்தான்.

வண்டியை யாரும் தொடக்கூடாது என்பது நாச்சிமுத்துவின் சட்டம். வீட்டம்மா ஒரு நாள் மறதியாக ஈரத்துண்டை அதன்மேல் காயப்போட்டுவிட்டார். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

கடைசியில் பூங்கோதை சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை கடம்பூர் மலைக்கு வாங்கண்ணா. நீங்க இமயமலைக்கு வர்றதா இல்லையான்னு அங்க வெச்சுச் சொல்லிடறேன்."

கடம்பூர் தாண்டியதும் தார் ரோடு முடிந்தது. அதற்கப்புறம் மாமரத்துப்பாளையம் என்று ஒரு சின்ன ஊர். டீக்கடை முன்னால் இரண்டு பேரும் வண்டியை நிறுத்தினார்கள். ஊரே கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேறு.

அரிவாளும் கையுமாக வந்த ஓர் ஆள் டயரை அழுத்திப் பார்க்கப் போனார்.

"தொடாதீங்க!"

ஒருவர் ஹேண்டில் பக்கம் கையை நீட்டினார்.

"அட, தொடாதீங்கன்னு சொல்றனில்லீங்க!"

டீக்கடை ரங்கம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து கேட்டார்: "சார், எத்தனை மைலேஜு குடுக்குது?"

நாச்சிமுத்துவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. யாரோ மூச்சு விட்ட கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பூங்கோதையின் பழைய வண்டியில் இதற்குள் மூன்று பேர் ஏறி உட்கார்ந்து இறங்கியாயிற்று. "பள்ளத்துக்கு அக்கரையில என் தங்கச்சி வீட்ல போட்டுரு கண்ணு" என்று ரங்கம்மா ஒரு மரவள்ளி மூட்டையை அதன் பின்னால் வைத்துக் கட்டியும்விட்டார். பூங்கோதை டீயைக் குடித்து முடித்தாள்.

ஊரைத் தாண்டினால் அந்தப் பள்ளம், ஒரு காட்டு ஓடை. மேலே மழை பெய்திருந்ததால் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. பூங்கோதை மூட்டையோடு தடதடவென்று இறங்கி அக்கரை ஏறிவிட்டாள். நாச்சிமுத்து பின்னாலேயே இறங்கினார்.

நட்டநடுவில் முன்சக்கரம் இரண்டு பாறைக்கு இடையில் மாட்டிக்கொண்டது. வண்டி நின்றது. நின்றதோடு விட்டதா, மெள்ளச் சாயவும் ஆரம்பித்தது. காலை ஊன்றித் தாங்கிப் பிடித்தார். ஸ்டாண்டு போட இடமில்லை, கையை விட்டால் வண்டி தண்ணீருக்குள் படுத்துவிடும். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் இமயமலையை மறந்துவிட வேண்டியதுதான்.

திரும்பிப் பார்த்தார். டீக்கடைக் கூட்டம் மொத்தமும் கரையில் நின்றிருந்தது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க! பாத்துட்டு நிக்கறீங்களே! வாங்க!"

"வந்து?" என்றார் அரிவாள்காரர்.

"வண்டியப் புடிங்க!"

"தொடக்கூடாதுன்னீங்களே."

"எங்க கையெல்லாம் சாணிங்க சார். வண்டி அழுக்காயிருமே" என்றார் ரங்கம்மா. முகத்தில் சிரிப்பே இல்லை.

நாச்சிமுத்து அக்கரைப் பக்கம் பார்த்தார். பூங்கோதை ஒரு பாறைமேல் உட்கார்ந்து கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சருங்க! கொஞ்சம் சொல்லுங்க இவங்ககிட்ட!"

"வண்டி உங்களுதுங்கண்ணா. நீங்கதான் சொல்லோணும்."

வண்டி இன்னும் ஒரு சாண் சாய்ந்தது. நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. மண்டியில் எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்கிய வாய், இப்போது ஒரு வார்த்தையை வெளியே தள்ள முடியாமல் தவித்தது.

"தெரியாமச் சொல்லிட்டனுங்க" என்றார். "தொடுங்க. எல்லாரும் வந்து தொடுங்க."

ரங்கம்மா சேலையைத் தூக்கிச் செருகினார். "இத முதல்லயே சொல்றதுக்கென்ன தம்பி!" என்று தொபுக்கென்று தண்ணீரில் குதித்தார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் இறங்கியது.

"பெட்டியப் புடிடா!"

"ஐயோ, சைலன்சர் சுடுது!"

"அந்தக் கம்பி வேலியப் புடிங்கப்பா, தூக்கறதுக்குன்னுதான அத வெச்சிருக்காரு!"

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள், ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்கவில்லை. ஆனாலும் வண்டி பாறையைவிட்டு எழும்பி, தள்ளாடி, ஆட்களோடு சேர்ந்தே அக்கரை ஏறிவிட்டது. ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார்கள். உறுமியது. எல்லோரும் கத்தினார்கள், நாச்சிமுத்துதான் பெரிதாகக் கத்தினார்.

அதற்கப்புறம் எங்கே கிளம்புவது? ரங்கம்மாவின் தங்கச்சி வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வெந்தது. மிளகாய்ச் சட்னி நாக்கைப் பொசுக்கியது. நாச்சிமுத்து இரண்டாம் தட்டுக்கும் கையை நீட்டினார். அரிவாள்காரர் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். பெயர் மாதையன் என்றும், டவுனுக்குப் போனால் மண்டிக்கு வருகிறேன் என்றும் சொன்னார்.

"கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல தம்பி" என்றார் ரங்கம்மா. "மைலேஜு?"

"இருபது வந்தாப் பெருசுங்கக்கா."

"அடப் பாவமே" என்று ரங்கம்மா அவர் தட்டில் இன்னொரு கிழங்கை வைத்தார்.

பிறகு ரங்கம்மாவைப் பின்னால் உட்காரவைத்து நாச்சிமுத்து தங்கச்சி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மெதுவாப் போ தம்பி!" என்று அந்தம்மா கத்தியது பள்ளத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. இறங்கியதும் இன்னொரு சுற்று கேட்டார்.

வெயில் சாயத் தொடங்கியது. கிளம்பலாம் என்று வண்டிக்கிட்டே வந்த நாச்சிமுத்து அப்படியே நின்றுவிட்டார். டேங்க் முழுக்கச் சேறும் சாணியுமாகக் கை பதிந்திருந்தது. பெரிய கை, சின்ன கை, ஒரு விரல் இல்லாத கை. பெட்டியில் நீளமாக ஒரு கீறல்.

பழக்க தோஷம், துண்டைப் பள்ளத்துத் தண்ணீரில் நனைத்தும் விட்டார். பிழிந்துகொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கேக்கறதுக்கே பயமா இருக்குதுங்க டீச்சருங்க. வண்டிக்கு இன்னும் என்னங்க பத்தலை?"

பூங்கோதை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து டேங்கைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த ஈரத்துண்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை கிளம்பறோங்கண்ணா. அதுவரைக்கும் கழுவிப்போடாதீங்க."