ரத்தம் எடுக்கிறவர் கை

“வாத்தியாரே, கை மரத்துப் போகுது. விரலுக்கு நரம்பு தட்டுப்பட மாட்டேங்குது.”

சொன்னவர் தவசிமுத்து. வீடு வீடாகப் பைக்கில் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவர்.

கேட்டுக்கொண்டிருந்தவள் மெக்கானிக் ரெஜினா. அவரைவிட இருபது வயது சின்னவள். அவள் வாய்க்குப் பயந்து கோவில்பட்டியே அவளை வாத்தியார் என்றது.

அன்று காலை ஒரு குழந்தையின் கையில் நான்கு முறை குத்தியிருந்தார். தாய்க்காரி வாசலில் வைத்தே திட்டிக் கிழித்துவிட்டாள். இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்று லேபில் சொல்லிவிட்டார்கள்.

ரெஜினா வண்டியைப் பார்த்தாள். வண்டியின் அதிர்வு கைக்கு ஏறாமலிருக்க ஹேண்டில்பார் பிடியில் சைக்கிள் ட்யூப், அதன் மேல் ஸ்பாஞ்ச், போதாததற்குக் கையில் தடி உறை வேறு. போகிறவன் வருகிறவன் சொன்னதையெல்லாம் மனிதர் கேட்டிருக்கிறார்.

பிளேடால் அத்தனையையும் அறுத்து எறிந்தாள். பிடி தடித்தால் கை இன்னும் இறுக்கும், இதுகூடத் தெரியாதா என்று ஏசினாள். தளர்ந்து கிடந்த எஞ்சின் போல்ட்டை முடுக்கி அனுப்பினாள்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். அதிர்வு பாதிக்குமேல் குறைந்துவிட்டதாம். கை மட்டும் பழையபடியே மரக்கிறதாம்.

ரெஜினா கிரீஸைத் துடைத்துவிட்டுத் தன் கையை நீட்டினாள்.

“எடுங்க.”

அவர் ரப்பர் பட்டையைக் கட்டினார்.

“கையை இறுக்கி மூடும்மா.”

மூடினாள். முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. அவள் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவதில் ரத்தம் வந்தபோது அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“வந்துருச்சு. இனி கையை விடும்மா.”

அவள் விடவில்லை.

“விடும்மா. ரத்தம் வந்தப்புறமும் எதுக்கு இறுக்கிட்டு இருக்க? மரத்துப் போயிரும்.”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். காலை ஐந்தரைக்குப் பிடித்த ஹேண்டிலைக் கடைசி வீடு வரை தான் எப்படிப் பிடிக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினார்.

“ஒரு வீட்டுக்கு எட்டு நிமிஷம்தான் லேப்ல குடுத்திருக்கான் வாத்தியாரே. தளத்திப் பிடிச்சு மெதுவா போனா பிந்திரும். பிந்துனா வேலையை விட்டுத் தூக்கிருவான்.”

ரெஜினா வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

“அப்ப இறுக்கியே பிடிங்க அண்ணாச்சி. விரலே வேலையை விட்டுரும்.”