காவிக் கோடு போட்ட கிணறு

ஒரு பழியை என்னுடையது, என்னுடையது என்று மூன்று பேர் கேட்டு நின்ற கதை இது. கடைசியில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். நிதானமாகக் கேளுங்கள்.

செம்பாறைக்குறிச்சியில் அந்தக் கோடையில் காய்ச்சல் பரவியது. அக்கரையிலிருந்து மாசிலாமணி வைத்தியர் வந்தார். ஊர்க்கிணற்றை எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. நீரின் மேல் செத்த தவளைகள் மிதந்தன. ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். கிணற்றின் சுவரில் மூன்று காவிக் கோடுகள் இழுத்தார். அவருடைய ஊரில் அதற்கு ‘நெருங்காதே’ என்று பொருள். செம்பாறைக்குறிச்சியிலோ காவிக் கோடு அம்மன் கோயில் மதிலில் மட்டுமே உண்டு. அது அவருக்குத் தெரியாது.

கிணற்றடியில் குடியிருந்த வடிவிடம், “இது வெறும் தண்ணி இல்லம்மா, எல்லாருக்கும் சொல்லிடு” என்றார். அதற்குள் அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் சிக்கலாகிவிட்டதென்று ஆள் வந்தது. வைத்தியர் ஓடினார்.

வடிவின் மகள் செண்பகம் ஐந்து நாளாகக் கண் திறக்காமல் கிடந்தாள். வெறும் தண்ணீர் இல்லை என்றால் மருந்துதானே என்று நினைத்த வடிவு, ஒரு குடம் இறைத்து மகளுக்குப் புகட்டினாள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அது தானாகவே இறங்க வேண்டிய காய்ச்சல். ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை; காவிக் கோட்டைப் பார்த்து, கிணற்றில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று நம்பியது. ஒரு வாரத்தில் கிணற்றுக்கு மாலை விழுந்தது. ஒரு கிழவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்தபோது, அவர்கள் நம்பாமல் குடித்தவர்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் வைத்தியரிடமிருந்து ஓலை வந்தது. ஊரில் எழுத்துத் தெரிந்தவர் உபாத்தியாயர் திருமேனி ஒருவர்தான். ‘கிணற்றில் விஷம் கசிகிறது. உடம்பில் சேர்ந்து சிலரைச் சீக்கிரமும் மற்றவர்களை மெல்லவும் கொல்லும். குடங்களில் இருப்பதையும் கொட்டிவிடுங்கள்’ என்றிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். வடிவின் வாசலில் ஊரே குடங்களோடு நின்றது. முந்தைய பஞ்சத்தில் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று இதே ஊர் கல்லால் அடித்துக் கொன்றதை அவர் கண்ணால் கண்டிருந்தார். இதை வாசித்தால் வடிவு உயிரோடு இருக்கமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது.

ஓலையை மடித்து இடுப்பில் செருகினார். அம்மனுக்கு ஓய்வு வேண்டுமாம், கிணற்றை மூடச் சொல்லி ஓலையில் உத்தரவு என்றார். பொழுது சாய்வதற்குள் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிட்டார்கள். இனி யாரும் இறைக்க முடியாது.

ஆனால் கடைசித் தண்ணீர் என்பதால் வீட்டுக் குடங்களில் இருந்தது இன்னும் புனிதமாகிவிட்டது. பழைய தண்ணீர் ஆகாது, கொட்டிவிடுங்கள் என்று திருமேனி வீடுவீடாகப் போய்ச் சொன்னார். தலையாட்டினார்கள், கொட்டவில்லை. நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு மாதங்களில் பதினொரு பேர் இறந்தார்கள். ஒன்பதாவது செண்பகம்.

அக்கரையில் காய்ச்சல் அடங்கியபின் வைத்தியர் திரும்பி வந்தார். மூடிய கிணற்றைப் பார்த்து நிம்மதியடைந்தார். பிறகு தம்மைக் கும்பிட்ட கைகளைப் பார்த்தார். உள்ளங்கைகளில் கரும்புள்ளிகள், விஷம் உடம்பில் சேர்ந்ததன் அடையாளம்.

“ஓலை வந்துச்சா?” என்றார்.

திருமேனி அதை எடுத்து, ஊர் நடுவே நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்க வாசித்தார்.

வடிவு எழுந்து வந்தாள். “மொதக் குடம் இறைச்சது நான். பழி என்னோடது.”

வைத்தியர் அதை ஏற்கவில்லை. “விஷம்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரமில்லாமப் போச்சு. இந்தப் பொண்ணு மேல என்ன தப்பு?”

“உண்மையைச் சொன்னா ஒரு உயிர் போகும்னு மறைச்சேன்,” என்றார் திருமேனி. “பதினொண்ணு போச்சு. பழி எனக்குத்தான்.”

இந்தப் பதினொரு சாவின் பழி யாரைச் சேரும்? உங்கள் விடையை முடிவு செய்துகொண்டு மேலே படியுங்கள்.

விடை: முதல் மூன்று சாவுகள் வைத்தியரின் அரைகுறைச் சொல்லாலும் வடிவின் ஆசையாலும் நேர்ந்தவை. இருவரும் அறியாமல் செய்தார்கள். பதினொன்று திருமேனியைத்தான் சேரும். ஒரு தவறான நம்பிக்கையை உடைக்கும் சொல் கையில் இருந்தும், அவர் அதன்மேல் இன்னொன்றைப் போட்டு மூடினார். இரக்கத்தால் செய்தார், உண்மைதான். ஆனால் ஊர் வடிவைக் கொன்றுவிடும் என்று அவர் எண்ணியதும் ஒரு நம்பிக்கையே. அன்று ஓலையைக் கேட்ட பிறகு ஒருவரும் கல்லை எடுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி வந்து வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்க் குடங்களைத் தெருவில் கவிழ்த்தார்கள். தண்ணீர் திருமேனியின் காலடிவரை ஓடி வந்தது. அவர் நகரவில்லை.