ராட்டினத்துக்குக் கீழே

அழகுராஜா அன்று வகுப்புக்கு ஒரு நோட்டுடன் வந்தான்.

செல்லூரில் ஒரு அரிசி மண்டியின் மொட்டை மாடியில் அங்கயற்கண்ணி மாலை நேரங்களில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். படிக்க வந்த மூன்று பேரில் இரண்டு பேர் அவரைவிட மூத்தவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர் செல்லப்பா. இன்னொருவர் ரவிக்கை தைக்கும் ரெஜினா. மூன்றாவது ஆள்தான் அழகுராஜா. எல்லோருக்கும் அங்கயற்கண்ணி டீச்சர். செல்லப்பா மட்டும் 'குருவே' என்பார். அதில் பாதி கிண்டல், பாதி நிஜம். எது எந்தப் பாதி என்று டீச்சர் கேட்டதில்லை.

நோட்டில் என்ன இருக்கிறது என்று செல்லப்பாதான் விசாரித்தார்.

அழகுராஜா புள்ளியியலில் எம்.எஸ்சி. படித்தவன். அவன் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஜூன் மூன்றாம் தேதி நொய்டாவில் வேலையில் சேர வேண்டும். அதற்குள் அம்மாவையும் தங்கையையும் ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப்போக நினைத்தான். பத்தாவது படிக்கும்போது கொடுத்த வாக்கு அது. பிறகு பன்னிரண்டாவது வந்தது, கல்லூரி வந்தது. ஒவ்வொரு கோடையிலும் அடுத்த கோடை என்று தள்ளிப்போனது. நொய்டா போய்விட்டால் எப்போது லீவு கிடைக்குமோ தெரியாது. தங்கை மாரிச்செல்விக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து போகும் பயணம் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அது தப்பாகப் போய்விடக் கூடாது.

இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருந்தான். ஒன்று சென்னைக்கு வெளியே, கடற்கரைச் சாலையில். மற்றது கொச்சிப் பக்கம், ஒரு குன்றின் மேல். நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதியிருந்தான். எத்தனை விளையாட்டுகள், அதில் தண்ணீரில் எத்தனை, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், வெயில் எப்படி, போய் வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள், அம்மா சாப்பிடுகிற மாதிரி சாப்பாடு கிடைக்குமா. ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டிருந்தான். சென்னை எழுபத்தொன்பது. கொச்சி எழுபத்தேழு.

"ரெண்டு மார்க்குல சென்னை ஜெயிச்சிருச்சே. அப்புறம் என்னப்பா?" என்றார் செல்லப்பா.

இரண்டு மார்க் வித்தியாசமெல்லாம் ஒரு வித்தியாசமே இல்லை என்று அழகுராஜா விளக்கினான். எந்தக் கணக்கெடுப்பிலும் இந்த அளவுக்குப் பிழை இருக்கும் என்றான். செல்லப்பா கவனமாகக் கேட்டார். முப்பத்தெட்டு வருடம் தபால் கொடுத்ததில் தனக்கு இப்படி ஒரு கஷ்டம் வந்ததே இல்லை என்றார். விலாசத்தில் ஒரு ஊர்தான் எழுதியிருக்குமாம்.

டீச்சர் நோட்டை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"எங்க கூட்டிட்டுப் போனாலும் சரிங்கிறாங்க டீச்சர்."

"தங்கச்சி?"

"அவளுக்குப் போட்டோ நல்லா வந்தாப் போதும்."

"நீ?"

"எனக்குத் தெரியல. அதான் உங்ககிட்டக் கேக்குறேன். எது நல்லது?"

டீச்சர் நோட்டை மூடிக் கொடுத்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை, நான்கு பேரும் சித்திரைப் பொருட்காட்சிக்குப் போகலாம் என்றார்.

அழகுராஜா பொருட்காட்சிக்குள் கால் வைத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. கடைசியாக வந்தபோது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். அந்த வருடம்தான் அப்பா இறந்தார். அதன் பிறகு வீட்டில் யாரும் வரவில்லை. ஆனால் வாசலைத் தாண்டியதும் அதே வாசனை. அப்பளம் பொரிக்கிற எண்ணெய், புதுப் பிளாஸ்டிக் சாமான், தண்ணீர் தெளித்த மண். அரசுத் துறை அரங்குகளில் ஒன்றில் அணைக்கட்டின் மாதிரி வைத்திருந்தார்கள். சின்ன மதகில் நிஜமாகவே தண்ணீர் வழிந்தது. அப்பா அதன் முன்னால் அரைமணி நேரம் நிற்பார். 'எப்படிடா மேல ஏத்துறாங்க, மோட்டாரையே காணோம்' என்று பலகைக்கு அடியில் குனிந்து பார்ப்பார். பிள்ளைகள் இருவரும் ராட்டினத்துக்கு இழுப்பார்கள்.

பெரிய ராட்டினம் அதே மூலையில் இருந்தது. அழகுராஜா வரிசையைப் பார்த்து நடந்தான்.

டீச்சர் தன் தோள்பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். செல்லப்பா கண்ணாடியையும் துணிப்பையையும் கொடுத்தார். ரெஜினா ஸ்கூட்டரில் வந்திருந்தாள். ஹெல்மெட், கைப்பை, சற்று முன் ஆசையாக வாங்கிய பச்சை நிற பக்கெட் எல்லாவற்றையும் கொடுத்தாள்.

"நான் ஏறலையா டீச்சர்?"

"அப்ப இதையெல்லாம் யாரு பாத்துக்குறது?"

மூன்று பேரும் வரிசையில் போய் நின்றுகொண்டார்கள்.

ராட்டினத்துக்கு எதிரே ஒரு சிமென்ட் மேடை இருந்தது. அதில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் பை. அழகுராஜா ஓரமாக உட்கார்ந்தான். ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண்ணாடியை ஒரு கையில் உயர்த்திப் பிடித்திருந்தான். கீழே வைத்த துணிப்பையை யாரோ மிதித்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்தில் இருந்த பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"தம்பி, அந்த பக்கெட்டுக்குள்ள எல்லாத்தையும் போட்டு மடியில வச்சுக்க. இது தெரியாமயா உக்காந்திருக்க?"

அப்படியே செய்தான். இரண்டு கையும் காலியானது. அவள் மடியில் இருந்த பையிலிருந்து ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் குழந்தையின் ஒற்றைச் செருப்பும் எட்டிப் பார்த்தன. இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டான். மேலே போய்க்கொண்டிருக்கிறது என்றாள். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து எல்லாப் பொருட்காட்சிக்கும் வருகிறாளாம். ராட்டினம் எட்டுச் சுற்று சுற்றும், கூட்டம் அதிகம் என்றால் ராட்டினக்காரன் ஆறோடு நிறுத்திவிடுவான் என்றும் சொன்னாள்.

"நீங்க ஏறியிருக்கீங்களாக்கா?"

"யாரு, நானா?"

வேறு யாரையோ பற்றிக் கேட்டதுபோலச் சிரித்தாள். மேலே போனால் கோயில் கோபுரம் தெரியும் என்று வீட்டுக்காரர் சொல்லுவாராம்.

"பயமாக்கா?"

"ஏறினாத்தான தம்பி அது தெரியும்?"

அவன் ராட்டினத்தைப் பார்த்தான். மூன்று பேரும் எந்தப் பெட்டியில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. செல்லப்பாவின் வெள்ளைச் சட்டை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது வேறு யாரோ.

இறங்கி வந்தவர்கள் பைகளைக் கேட்கவில்லை. நேராகக் கொலம்பஸ் கப்பலுக்குப் போனார்கள். அதன் பிறகு டிராகன் ரயில். அழகுராஜா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு மேடை மாறி உட்கார்ந்தான். தாகம் எடுத்தது. பத்தடி தூரத்தில் டெல்லி அப்பளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கெட்டுடன் அந்தக் கூட்டத்துக்குள் நுழைய முடியாது. விட்டுவிட்டும் போக முடியாது.

ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். ரெஜினாவுக்குக் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. கப்பலில் செல்லப்பா 'ஆத்தா' என்று கூப்பிட்டதாகவும், எந்த ஆத்தாவை என்று கடைசிவரை சொல்லவில்லை என்றும் அவள் சொன்னாள். செல்லப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்படி இருந்தது என்று அழகுராஜா கேட்டான். அவர் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார்.

"அது சொன்னாப் புரியாதுப்பா."

டீச்சர் பக்கெட்டிலிருந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எது நல்லா இருந்துச்சு? ராட்டினமா, கொலம்பஸா?"

"நான் எதுலயும் ஏறலையே டீச்சர்."

"எங்ககூடத்தான வந்த?"

அழகுராஜா பக்கெட்டை ரெஜினாவிடம் நீட்டினான்.

பஸ்ஸில் திரும்பும்போது பழைய பயணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். அதிகம் இல்லை. பொருட்காட்சி நான்கு தடவை. வைகை அணை ஒரு தடவை. குற்றாலம் ஒரு தடவை, தெருவில் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்துப் போனது. எல்லாவற்றிலும் அம்மா இருந்தாள். சிவப்பு ஒயர் கூடை இருந்தது. அவளுடைய வளையல்களுக்கு மேலே அப்பாவின் கடிகாரம் இருந்தது. அப்பாவும் பிள்ளைகளும் மூச்சு வாங்க ஓடிவந்து தண்ணீர் கேட்டார்கள். அவள் மூடியைத் திறந்து கொடுத்தாள். குற்றாலத்தில் அன்று எல்லோர் தலையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அம்மாவின் தலையில் காலையில் வைத்த பூ அப்படியே இருந்தது.

நாங்கள் நான்கு பேரும் போனோம் என்றுதான் அவன் இத்தனை வருடமும் சொல்லி வந்திருந்தான். கல்லூரி நண்பர்களிடம் அப்படித்தான் சொன்னான். அது பொய் என்று நினைத்ததில்லை.

அடுத்த மூன்று நாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. வியாழக்கிழமை வந்தான். வந்ததும் செல்லப்பா, சென்னையா கொச்சியா என்றார்.

அழகுராஜா நடந்ததைச் சொன்னான்.

முந்தின நாள் மாலை அம்மாவையும் மாரிச்செல்வியையும் பொருட்காட்சிக்கு அழைத்துப் போயிருந்தான். அம்மா பேச்சியம்மாள் அப்பளக் கம்பெனியில் வேலை செய்கிறவள். டெல்லி அப்பளத்தை ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து, மாவை ஒழுங்காக இடிக்கவில்லை என்று கடைக்காரனிடமே சொல்லிவிட்டாள். ராட்டினத்துக்கு முன்னால் வந்ததும் சிமென்ட் மேடையில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். கொடுங்க என்று இரண்டு கையையும் நீட்டினாள். யாரும் சொல்லாமலேயே.

அவன் அவள் பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். போய் ஏறு என்றான். அம்மா முதலில் அதை விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு சேலை மாட்டிக்கொள்ளும் என்றாள். தலை சுற்றும் என்றாள். இந்த வயதிலா, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவன் பையை மடியில் இன்னும் இழுத்து வைத்துக்கொண்டான். கடைசியாக, பையில் வீட்டுச் சாவி இருக்கிறது, பத்திரம் என்றாள். மாரிச்செல்வி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏறினாங்களா?" என்றாள் ரெஜினா.

"ரெண்டு தடவை."

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த நோட்டை எடுத்துவரச் சொன்னாளாம். மாரிச்செல்வி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். அம்மா மார்க்கையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. கொச்சியில் இருப்பது குன்றின் மேல் என்றதும் நிறுத்தச் சொன்னாள். குன்று மேலேயே ராட்டினம் என்றால் இன்னும் எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்டாள். அதற்கு நோட்டில் மார்க் இல்லை.

"அப்ப கொச்சி. எழுபத்தேழு ஜெயிச்சிருச்சு" என்றார் செல்லப்பா.

அழகுராஜா தலையாட்டினான். பாயை விரித்தான். ஆனால் உட்காரவில்லை.

டீச்சர் அவனைப் பார்த்தார். "இன்னும் என்ன?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

டீச்சர் குனிந்து அவன் பாயின் ஓரத்தை நேராக்கினார்.

"சின்ன வயசுல நான் மேல போனதும் அம்மாவைத் தேடுவேன். ஒவ்வொரு சுத்துலயும் கை ஆட்டுவாங்க. அவங்க கை ஆட்டுனாத்தான் எனக்குப் பயம் போகும். அதான் நேத்து நானும் கீழ இருந்து கை ஆட்டிக்கிட்டே இருந்தேன். அம்மா ஒரு தடவைகூடக் கீழ பாக்கல."

பயத்தில் கண்ணை மூடியிருப்பாள் என்று செல்லப்பா சமாதானம் சொன்னார்.

"இல்லய்யா. கீழ வர்றப்பல்லாம் பாத்தேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. தூரத்துல எதையோ பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் ஒருத்தன் உக்காந்திருக்கிறதே மறந்துபோன மாதிரி."

கீழே மண்டியில் லாரி ஒன்று வந்து நின்றது. மூட்டை இறக்குகிறவர்களின் குரல் கேட்டது.

"நீ உக்காந்திருப்பேன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார் டீச்சர்.